ப்ளஸ் டூ முடிப்பதற்குள் தத்துவத்தின் அடிப்படைகளைப் படிக்க ஆசை, எங்கே தொடங்குவது?

கோபி_காமர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், இந்த வருஷம் ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப், ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். பள்ளியில் மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பேச்சுப்போட்டி வைத்தார்கள், சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘வேண்டும்’ கட்சி வந்தது, பேசிப் பரிசும் வாங்கினேன். ஆனால் பஸ்ஸில் வரும்போதே எதிர்க்கட்சிக்கு இதைவிட நன்றாகப் பேசியிருக்கலாமே என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் நான் சொன்னதில் எதாவது உண்மை இருந்ததா, இல்லை குரலுக்குக் கிடைத்த பரிசா? தமிழ் டீச்சரிடம் கேட்டேன். ‘இதெல்லாம் தத்துவத்தில் கேட்கிற கேள்வி, போய்ப் படி’ என்றார், எதைப் படிப்பது என்று சொல்லவில்லை.

இணையத்தில் தேடினால் அறிவாய்வியல், மீவியற்பியல், அறவியல், அளவையியல், அழகியல், அரசியல் தத்துவம் என்று வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம்கூடச் செய்துவிட்டேன், ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எந்தப் பிரிவை முதலில் எடுப்பது? பன்னிரண்டாம் வகுப்புத் தரத்தில் தமிழில் புத்தகம் இருக்கிறதா? கல்லூரியில் இதையே எடுக்கலாமா? அப்பா சி.ஏ. படிக்கச் சொல்கிறார். மாமா ஒருபடி மேலே போய், தத்துவம் படித்தால் கடைசியில் சாமியாராகி வெள்ளியங்கிரி மலைதான் என்கிறார்.

பழைய வாத்தியார்:

அம்மிணி, முதலில் அந்த நோட்டை மூடி வை. ஒரு வரி விளக்கம் பரீட்சைக்கு ஆகும், வேறெதற்கும் ஆகாது.

நான் பெருந்துறைப் பக்கம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் பக்கத்து சீனாபுரத்துக்காரர் என்று இங்கே எல்லாரும் சொல்லிக்கொள்வோம். பள்ளியில் நன்னூல் என்றாலே எழுத்தும் புணர்ச்சியும்தான் என்று ஓட்டிவிடுகிறார்கள், பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு நூற்பா இருப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அடுத்தவர் கருத்தை ஒரு நூலாசிரியர் எப்படிக் கையாளலாம் என்பதற்கு ஏழு வழி சொல்கிறார். உடன்படலாம், மறுக்கலாம், இரண்டு பேர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணியலாம், இப்படிப் போகிறது. அதில் எனக்குப் பிடித்தது ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’ என்பது. எதிராளி சொல்வதை முதலில் நீயே ஏற்றுக்கொண்டு, அதன் முழு பலத்தோடு நிறுத்திவிட்டு, அப்புறம் களைவது. நீ பஸ்ஸில் வரும்போது செய்தாயே, அதுதான் இது, பாதி தூரம் போயிருக்கிறாய். சைவ சித்தாந்தத்திலும் இதே வழக்கம்தான், சிவஞான சித்தியார் பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதி முழுக்க மற்றவர்கள் மதத்தைச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது.

தமிழில் படிக்க வேண்டும் என்றால் மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை எடு. வஞ்சி நகரத்தில் நடக்கிறது. அந்த வஞ்சி நம்ம கரூரா, கேரளத்துக் கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள், நான் கரூர் கட்சி. மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் போய் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும், அதாவது சமயவாதியிடமும், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. கடவுளைப் பற்றியோ உலகத்தைப் பற்றியோ எடுத்தவுடன் பேசவில்லை, எந்தெந்த வழியில் அறிவு கிடைக்கும், அதில் பத்து வழியா எட்டா ஆறா என்று ஆசிரியர்கள் எப்படி மாறுபடுகிறார்கள் என்று ஆரம்பிக்கிறான். உன் பட்டியலில் அறிவாய்வியல் என்று எழுதியிருக்கிறாயே, அது இதுதான்.

கடைசியில் பூதவாதி வருகிறான். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டி வைத்தால் கள்ளின் வெறி பிறக்கிற மாதிரி, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், தனியாக உயிர் என்று ஒன்றும் இல்லை, கண்ணால் காண்பதைத்தான் ஒப்புக்கொள்வேன், கண்டதை வைத்துக் காணாததை ஊகிக்கிற அனுமானம் செல்லாது என்கிறான். அதற்கு மணிமேகலை ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். சரி, உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று அனுமானம் இல்லாமல் எப்படித் தெரிந்துகொண்டாய்? எனக்கு முப்பது வருஷம் இதை வகுப்பில் நடத்தியும் சலிக்கவில்லை.

பொள்ளாச்சி_டு_லீட்ஸ்:

வாத்தியாரய்யா சொன்ன பூதவாதி இடம் அருமை, அதைப் பின்னால் பேசுவோம். ஆனால் தங்கச்சி, மணிமேகலையில் நேராகக் குதிக்காதே. உரை இல்லாமல் அந்தக் காதை விளங்காது, உரையோடு படித்தாலும் எதிலே வாதம் எதிலே வெறும் பட்டியல் என்று பிரித்துப் பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும்.

நான் பத்தாவது வரை பொள்ளாச்சி. அப்புறம் அப்பா வேலைக்காக இங்கிலாந்து வந்து இங்கே ஏ லெவலில், அதாவது நம்ம ப்ளஸ் டூ மாதிரியான பள்ளியிறுதிப் படிப்பில், தத்துவம் எடுத்தேன், ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு போர்டு. அந்தப் பாடத்திட்டம் நாலே பகுதி: அறிவாய்வியல், அறவியல், கடவுள் பற்றிய மீவியற்பியல், மனம் பற்றிய மீவியற்பியல் (மீவியற்பியல் என்றால் எது உண்மையில் இருக்கிறது, அதன் இயல்பு என்ன என்ற ஆராய்ச்சி). அழகியல் கிடையாது, அரசியல் தத்துவம் தனியாகக் கிடையாது. ஆக ‘தத்துவத்தின் எல்லாப் பிரிவும்’ என்று ஒரு வருஷத்தில் யாரும் படிப்பதில்லை, நீயும் கவலைப்படாதே. தேர்வு இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், நூறு மார்க். ஒவ்வொரு பகுதிக்கும் 3, 5, 5, 12, 25 என்று கேள்விகள்.

இதில் எனக்கு உயிர் போனது 25 மார்க் கட்டுரையில் இல்லை, 3 மார்க்கில். நம்ம ஊரில் பக்கம் நிரப்பிப் பழகிய கை. அங்கே 3 மார்க் கேள்விக்கு ஒரு வாக்கியம் சரியாக எழுதினால் முழு மார்க், கூட நாலு வாக்கியம் சேர்த்து அதில் ஒன்று கலங்கலாக இருந்தால் அங்கேயே மார்க் போகும். ‘முன்னறிவு (அனுபவத்தைச் சாராமல் கிடைக்கும் அறிவு) என்றால் என்ன’ என்று கேட்டால் அதை மட்டும் சொல்ல வேண்டும், யார் சொன்னார், எந்த நூற்றாண்டு, ஏன் சிறப்பு, எதுவும் வேண்டாம். 25 மார்க்கில் எந்தப் பக்கம் நின்றாலும் அவர்களுக்குக் கவலையில்லை, ஆனால் முதல் பத்தியில் சொன்ன முடிவுக்குக் கடைசிப் பத்தி போய்ச் சேர வேண்டும், நடுவில் எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை எடுத்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். பட்டிமன்றத்தில் வளர்ந்த நமக்கு ‘இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்று நடுவர் மாதிரி முடிக்கத்தான் கை போகும், அதற்கு மார்க் குறையும்.

அறிவாய்வியலில் எங்களுக்கு முதல் பாடம், அறிவு என்றால் நியாயமான காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கை என்ற வரையறை. எட்மண்ட் கெட்டியர் என்பவர் 1963இல் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி அதை ஆட்டிவிட்டார், மூன்றும் இருந்தும் அறிவு என்று சொல்ல முடியாத நிலைமைகள் உண்டு என்று. ரொம்பப் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது, எட்டாம் நூற்றாண்டிலேயே தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை, ஆனால் இறைச்சிக்கு வந்த பூச்சிக் கூட்டம் மேலே மொய்க்கிறது. தூரத்தில் வருகிறவன் அதைப் புகை என்று நினைத்து ‘அங்கே நெருப்பு இருக்கிறது’ என்கிறான். நெருப்பு இருக்கிறது. நம்புகிறான். காரணமும் வைத்திருக்கிறான். அவனுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? இதற்குப் பதில் எழுத முயற்சி பண்ணு, அறிவாய்வியல் என்றால் என்ன என்று யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதற்கும் முன்னால் கொஞ்சம் அளவையியல், அதாவது வாதம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கிற கலை, வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் உங்கள் பக்கம்தானே? ‘பவானிசாகரில் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் வரும். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது. ஆகவே பவானிசாகரில் திறந்துவிட்டார்கள்.’ எடுகூற்று, அதாவது முடிவுக்கு ஆதாரமாக வைத்த வரி, இரண்டும் சரி, முடிவும் பல நாள் சரியாகவே இருக்கும், இருந்தாலும் வாதம் தப்பு, ஏனென்றால் நல்ல மழை பெய்தாலும் வாய்க்காலில் ஓடும். முடிவு சரி, வாதம் தப்பு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வந்துவிட்டால் பேச்சுப்போட்டியில் உனக்கு வந்த குழப்பம் பாதி தீர்ந்தது.

நொய்யல்கரை:

அளவையியலில் ஆரம்பித்தால் பாதிப் பேர் இரண்டாவது வாரமே ஓடிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். பாப்பா மரண தண்டனையில் ஆரம்பித்திருக்கிறது, அறவியலிலேயே தொடரட்டும்.

அதுவும் எங்கேயோ ரயில் தண்டவாளத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்ற கதை வேண்டாம். திருப்பூர் சாயப்பட்டறையை எடுங்கள். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டினார்கள், அதில் வந்து நின்றது சாயக்கழிவு. கீழே கரூர் வரைக்கும் நிலமும் கிணறும் கெட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையைப் பட்டறைகள் நிறைவேற்றவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. எங்கள் வீட்டில் சித்தப்பா பட்டறையில் வேலை, பெரியம்மா வீடு காங்கேயம் தாண்டி ஆத்தோரம் தோட்டம். பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அதிகம் பேருக்கு அதிக நன்மை எதுவோ அதுவே சரி என்ற பெந்தம், மில் வழியில் கணக்குப் போடுங்கள். எத்தனை லட்சம் பேருக்கு வேலை, எத்தனை கிராமத்துக்கு நஷ்டம், கூட்டிக் கழித்தால் பட்டறை நடக்கட்டும் என்று வரலாம். ஆனால் கணக்கில் எத்தனை வருஷத்தைச் சேர்ப்பது? உப்பேறிய நிலத்தில் இன்னும் பிறக்காத பேரனுடைய நஷ்டம் சேருமா? அதைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிறது, ஆக அந்த முறை பதில் சொல்கிற மாதிரி இருந்துகொண்டு கேள்வியைத் திரும்ப நம் கையிலேயே கொடுக்கிறது. எல்லாரும் செய்யட்டும் என்று விரும்ப முடியாததை நீயும் செய்யாதே என்கிற கான்ட் வழியில் போனால் கணக்கே கிடையாது. ராத்திரியில் மடையைத் திறந்துவிடுகிற முதலாளி, எல்லாப் பட்டறையும் இப்படியே செய்யட்டும் என்று விரும்ப முடியுமா? முடியாது, அவருக்கும் நாளைக்குச் சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். மற்றவர் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது தான் மட்டும் விலக்கு என்பதில்தான் அவர் லாபம் இருக்கிறது. கீழேயிருக்கிற விவசாயி அவருக்கு மனுஷர் இல்லை, ஒரு வடிகால். அரிஸ்டாட்டில் கேள்வியை வேறு மாதிரி கேட்பார், இப்படிச் செய்து செய்து இந்த ஆள் எப்படிப்பட்ட ஆளாக ஆகிறார் என்று. எனக்குத் தனிப்பட்ட முறையில் கான்ட் பக்கம்தான் சாய்வு, ஆனால் பட்டறை மூடிய மாதத்தில் சித்தப்பா வீட்டு அடுப்புக்கு கான்ட்டிடம் பதில் இல்லை என்பதும் தெரியும்.

பொய் சொல்வது பற்றியும் ஒரு அலகு வரும் அந்த ஏ லெவலில். கொலைகாரன் வாசலில் வந்து நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று கான்ட் 1797இல் எழுதினார். பக்கத்திலேயே ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ குறளை வைத்துப் படியுங்கள். குறளில் ‘புரைதீர்ந்த’ என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாரே, அந்த நன்மை எந்தக் குற்றமும் இல்லாததாக இருக்க வேண்டும் என்று, அந்த நிபந்தனை கான்ட்டுக்குப் போதுமா போதாதா? நல்ல 12 மார்க் கேள்வி.

மஞ்சள்மண்டி:

எல்லாரும் பாடம் எடுத்தாச்சு, பொண்ணு கேட்ட புத்தகத்துக்கும் அப்பாவுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

புத்தகம்: நம்ம ஸ்டேட் போர்டிலேயே பதினொன்று, பன்னிரண்டுக்கு ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது, பல பள்ளியில் அந்தக் குரூப்பே கிடையாது, புத்தகம் தமிழில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் தத்துவத்தைவிடப் பண்பாடு கூட, வாதம் கம்மி, தகவல் அதிகம், ஆனால் இந்திய தரிசனங்களின் (தத்துவப் பிரிவுகளின்) பெயர் பழகும். அதைவிட உருப்படியானது ஒன்று சொல்கிறேன். இலங்கையில் உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்று தனிப் பாடமே இருக்கிறது, தமிழ் மொழியில் படித்துத் தமிழிலேயே தேர்வு எழுதுகிறார்கள். லீட்ஸ் தம்பி எடுகூற்று என்றாரே, அது அங்கே தினப்படி புழங்குகிற சொல். தேசிய கல்வி நிறுவகம் போட்ட ஆசிரியர் வழிகாட்டி தேடினால் கிடைக்கும்.  கேரளத்தில் ப்ளஸ் ஒன் ஹியூமானிட்டீஸில் தத்துவம் எடுக்கலாம், வாளையார் தாண்டினால் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை, என்ன செய்ய. பிரான்சில் பள்ளியிறுதித் தேர்வில் தொழிற்கல்விப் பிரிவு தவிர எல்லாரும் நாலு மணி நேரம் தத்துவம் எழுதியே ஆக வேண்டும், அந்தத் தேர்வே நெப்போலியன் காலத்தது. நமக்கு அந்த விதி வந்தால் முதலில் கைடு வரும்.

அப்பா விஷயம்: அவர் சொல்வதில் பாதி சரிதான். சி.ஏ. பிடிக்கும் என்றால் சேர். தத்துவத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, எம்.ஏ.வுக்கு இக்னோ (அஞ்சல் வழியில் நடத்தும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம், பி.காம். முடித்துவிட்டுக்கூட வரலாம். நேராக பி.ஏ.தான் வேண்டும் என்றால் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மாதிரி இடங்கள் இருக்கின்றன, ஹாஸ்டல் செலவை அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் பார். ஐ.ஏ.எஸ். தேர்வில் விருப்பப் பாடமாகத் தத்துவம் உண்டு, இரண்டு தாள், 500 மார்க். இதை மட்டும் வீட்டில் சொல், மாமா வெள்ளியங்கிரியை மறந்துவிடுவார்.

கோபி_காமர்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இலங்கைப் பாடம் இருப்பதே தெரியாது, ஆசிரியர் வழிகாட்டி இறக்கிவிட்டேன். ஐந்நூறு மார்க் விஷயத்தை வீட்டில் சொன்னேன், மாமா இப்போது கலெக்டரம்மா என்கிறார், அது இன்னும் மோசம்.

லீட்ஸ் அண்ணா சொன்ன மாதிரி என் பேச்சை எடுகூற்றாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன், சரியா என்று பாருங்கள். ஒன்று, இன்னொருவர் உயிரைத் திட்டமிட்டு எடுத்தவர் தன் உயிருக்கான உரிமையை இழக்கிறார். இரண்டு, உரிமையை இழந்தவருக்கு அரசு தண்டனை தரலாம். ஆகவே கொலை செய்தவருக்கு மரண தண்டனை தர வேண்டும். பதினைந்து நிமிஷம் பேசியது மூன்று வரியில் முடிந்துவிட்டது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

பொள்ளாச்சி_டு_லீட்ஸ்:

வெட்கம் எதற்கு, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மூன்று வரிகூடத் தேறவில்லை.

இரண்டாவது வரியில் ‘தரலாம்’ என்கிறாய், முடிவில் ‘தர வேண்டும்’ என்கிறாய். நடுவில் ஒரு எடுகூற்று ஒளிந்திருக்கிறது, அதை வெளியே எடுத்து எழுது. இது அளவையியல். ‘தண்டனை’ என்பது ‘மரண தண்டனை’ ஆனதும் அதே இடத்தில்தான். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் மரண தண்டனை செல்லும் என்றது, ஆனால் அரிதினும் அரிதான வழக்கில் மட்டும் என்று வரம்பு போட்டது. ‘தரலாம்’ என்பதற்கும் ‘தர வேண்டும்’ என்பதற்கும் நடுவிலிருக்கிற இடம் எவ்வளவு பெரியது என்று அதிலேயே தெரியும்.

அப்புறம் முதல் வரி. ‘திட்டமிட்டு எடுத்தவர்’ என்று நமக்கு எப்படித் தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் திரும்பப் பெற முடியாத தண்டனை தரலாம்? பூச்சிக் கூட்டத்தைப் புகை என்று பார்த்த சாட்சியாக இருந்தால்? இங்கே அறிவாய்வியல் வந்துவிட்டது. அவர் வேறு மாதிரி செய்திருக்க முடியுமா, உணர்வு என்பது பூதவாதி சொல்கிற மாதிரி வெறும் சேர்க்கை என்றால் யாரைக் குற்றம் சொல்வது? அது மீவியற்பியல். உயிரை எடுக்கிற அதிகாரம் அரசுக்கு யார் கொடுத்தது? அரசியல் தத்துவம். நீ எந்தப் பிரிவை முதலில் எடுப்பது என்று கேட்டாய், உன் மூன்று வரிக்குள்ளேயே நாலு பிரிவு இருக்கிறது, எந்த வரி உன்னை உறுத்துகிறதோ அதன் வழியாக உள்ளே போ.

பழைய வாத்தியார்:

தம்பி சொன்னபடி முதலில் அந்த ஒளிந்த எடுகூற்றை எழுது அம்மிணி. எழுதியதும் இங்கேயே போடு. அதை நான் ஏற்றுக்கொண்டு களைகிறேன்.